குடும்பத்தோடும் நண்பர்களோடும் டால்மேஷியக் கரையில் ஒரு வாரப் பாய்மரப் பயணம்: முதல் முறை போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

குரோவேஷியாவின் டால்மேஷியக் கரையில் கோடைக்காலத்தில் பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, தீவு தீவாகப் போய் வருவது ஐரோப்பாவில் பரவலான விடுமுறை. அலை ஏற்றத்தாழ்வு கிட்டத்தட்ட ஒரு முழம்கூட வராது. தீவுகள் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும். கோடையில் காற்றும் பெரும்பாலும் ஒழுங்காக வரும். முதல் முறை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல கடல் குறைவு.

ஆனால் புதிதாக வருகிறவர்கள் திணறுவதும் இங்கேதான் நிறையப் பார்க்கிறேன். காரணம் கடல் இல்லை. செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்வதுதான். முதலில் படகைப் பிடிக்கிறார்கள், அப்புறம் பாதை போடுகிறார்கள், கடைசியில் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறார்கள். ஆட்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1. முதலில் ஆட்கள்

வரப்போகிறவர்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: நீந்தத் தெரியுமா, பஸ்ஸிலோ மலைப்பாதையிலோ குமட்டல் வருமா, நாலு மணி நேரம் வெயிலில் உட்கார முடியுமா. இந்தப் பட்டியலில் கடலுக்கு மிகவும் பழக்கமில்லாதவர் யாரோ, அவருக்காகத்தான் மொத்தப் பயணமும் அமைய வேண்டும். ஓட்டத் தெரிந்தவருக்காக இல்லை. பாட்டிக்கு மூன்று மணி நேரம் தாங்கும் என்றால் ஒரு நாள் ஓட்டமும் மூன்று மணி நேரம்தான்.

படகு எட்டுப் பேருக்கு என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அந்த எட்டில் இரண்டு பேர் நடுக்கூடத்தின் சாப்பாட்டு மேசையை மடக்கிப் படுப்பவர்கள். எல்லோரும் தூங்கும்வரை அவர்களால் தூங்க முடியாது, எல்லோருக்கும் முன்னால் எழுந்தாகவும் வேண்டும். மூன்றாம் நாள் சண்டை அங்கேதான் தொடங்கும்.

படகை ஓட்டும் பொறுப்பாளரான ஸ்கிப்பரைத் தவிர இன்னும் ஒருவராவது கயிறு பிடிக்கவும், எஞ்சினை இயக்கவும், ரேடியோவில் பேசவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். தண்ணீரில் விழுந்தவர் ஸ்கிப்பராகவே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2. தேதி

ஜூன், செப்டம்பர். முடிந்தால் இந்த இரண்டையும் விட்டு வெளியே போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் மதியம் இரண்டு மூன்று மணிக்குள் மரீனாக்கள், அதாவது படகு கட்டும் துறைகள், நிரம்பிவிடும். இடம் பிடிக்க ஓடுவதே வேலையாகிவிடும். பள்ளி விடுமுறை காரணமாக அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால், தினமும் சீக்கிரம் கிளம்பிச் சீக்கிரம் கட்டுவதாகத் திட்டம் போடுங்கள்.

வாடகை அநேகமாகச் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை. சனி மாலை ஐந்து மணியளவில்தான் படகு கைக்கு வரும். வெள்ளி மாலையே துறைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆக, கையில் இருப்பது ஏழு நாள் இல்லை, முழுசாக ஐந்து நாளும் கொஞ்சமும்தான். விமான டிக்கெட் எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். சனி இரவு வந்து இறங்குகிற விமானம் எடுத்தால் இருட்டில் படகைச் சரிபார்க்க நேரும்.

3. காகிதங்கள்

குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. அதே நாளில் யூரோவுக்கும் மாறிவிட்டது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. விசா சந்திப்புக்குத் தேதி கிடைப்பதே கோடையில் பெரும்பாடு என்பதால் படகுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கம் விசாரித்து வையுங்கள்.

ஸ்கிப்பர் இல்லாமல் நீங்களே ஓட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டு சான்றிதழ் வேண்டும்: குரோவேஷியா ஏற்கிற படகோட்டும் சான்றிதழ் ஒன்று, கடலில் பேசிக்கொள்ள உதவும் வி.எச்.எஃப். ரேடியோவை இயக்கும் சான்றிதழ் ஒன்று. பலர் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஐ.சி.சி. எனப்படும் சர்வதேசத் தகுதிச் சான்றிதழ் அங்கே செல்லும். வேறு நாட்டுச் சான்றிதழ் என்றால் அதை ஸ்கேன் செய்து வாடகை நிறுவனத்துக்கு அனுப்பி, செல்லும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது துறையில் எடுபடாது.

சான்றிதழ் இல்லையா? கவலை இல்லை, நாள் சம்பளத்துக்கு ஸ்கிப்பர் கிடைப்பார். ஆனால் அவருக்கும் ஒரு படுக்கை வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. ஆறு படுக்கைப் படகில் ஆறு பேரைச் சேர்த்த பிறகு ஸ்கிப்பர் எங்கே படுப்பார் என்று கேட்கிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

பயணிகள் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். நம் பெயர்களில் தந்தை பெயர், முதலெழுத்து என்று குழப்பம் வருவதால் ஒரே ஆள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்துப் பட்டியலை நிரப்பட்டும்.

4. படகு

ஆறு பேருக்கு 38 முதல் 41 அடி வரையிலான, மூன்று கேபின் உள்ள ஒற்றை உடல் படகு போதும். இதைவிடப் பெரியதை முதல் முறை எடுக்க வேண்டாம். கடலில் ஓட்டுவது எளிதுதான். துறைக்குள் குறுகலான இடத்தில் பின்னோக்கி நுழைக்கும்போதுதான் ஒவ்வொரு அடியும் கனக்கும். வயதானவர்கள் இருந்தால் இரட்டை உடல் படகான கட்டமரான் நல்லது, அதிகம் சாயாது. ஆனால் வாடகையும் மரீனாக் கட்டணமும் கூடுதல், ஆகஸ்டில் அந்த அகலத்துக்கு இடம் கிடைப்பதும் கடினம்.

முன்பதிவு செய்யும்போது மூன்றைக் கேளுங்கள். படகின் முன்முனையில் பக்கவாட்டாகத் தள்ளும் சிறு மோட்டார் இருக்கிறதா? எல்லோரும் உட்காரும் திறந்த இடமான காக்பிட்டின் மேல் நிழல் துணி இருக்கிறதா? குழந்தை உயிர்காப்பு அங்கி கிடைக்குமா? குழந்தையின் எடையைக் கிலோவில் எழுதி அனுப்புங்கள். வயதைச் சொன்னால் பொருந்தாத அங்கி வரும்.

வைப்புத்தொகையைப் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். பெரும்பாலும் கிரெடிட் கார்டில் ஆயிரக்கணக்கான யூரோவைத் தடுத்து வைப்பார்கள். கார்டின் வரம்பு போதாமல் துறையில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

5. காற்றைத் தெரிந்துகொண்ட பிறகு பாதை

வரைபடத்தைப் பார்த்து அழகான ஊர்களைச் சேர்த்துக் கோடு போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இங்கே கோடு போடுவது காற்று. நம் கரையோர மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒவ்வொரு காற்றையும் தனி ஆளாக அறிந்து வைத்திருப்பதுபோல, இந்தக் கரையிலும் ஒவ்வொரு காற்றுக்கும் பெயரும் குணமும் உண்டு.

மாயெஸ்ட்ரால்: வடமேற்கிலிருந்து வரும் கோடைக் கடற்காற்று. காலை பத்து பதினொன்றுக்குத் தொடங்கி, மதியம் இரண்டு மூன்றுக்கு உச்சம் தொட்டு, சூரியன் சாயும்போது ஓய்ந்துவிடும். உங்கள் வாரத்தின் நல்ல நாட்கள் எல்லாம் இதன் கையில்.

யூகோ: தென்கிழக்குக் காற்று. வானம் மூடி, ஈரம் ஏறி, இரண்டு மூன்று நாளில் படிப்படியாக வலுக்கும். பெரிய அலையைக் கொண்டுவரும். வருவது முன்பே தெரியும் என்பதால் தப்பிக்க நேரம் இருக்கும்.

பூரா: வடகிழக்கு மலைகளிலிருந்து சரிந்து இறங்கும் குளிர்க்காற்று. கோடையில் அடிக்கடி வராது, வந்தாலும் அநேகமாக நீடிக்காது. ஆனால் தெளிந்த வானத்தில் திடீரென்று அடித்து அடித்து வரும். மலை உச்சியில் பஞ்சுப்பொதி மாதிரி மேகம் ஒட்டியிருந்தால் கவனம்.

நெவேரா: கோடை இடிமழைப் புயல், பெரும்பாலும் மேற்கிலிருந்து. அரை மணி, ஒரு மணி நேரத்தில் போய்விடும். அதற்குள் பாயைக் கிழித்துவிடும். மேற்கே கறுத்து, வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றால் பாய்களை உடனே இறக்கி, எஞ்சினைப் போட்டு, எல்லோருக்கும் அங்கியை மாட்டிவிட்டுக் கரையை விட்டு விலகி நில்லுங்கள். அந்த நேரத்தில் துறைக்குள் ஓடி நுழையப் பார்ப்பதுதான் ஆபத்து, கரைதான் படகை உடைக்கும்.

இப்போது பாதை. படகு மணிக்கு ஐந்து கடல் மைல் போகும் என்று கணக்கு வையுங்கள். ஸ்பிளிட் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கஷ்டெலாவிலிருந்து கிளம்பினால், முதல் முறைக்கு நான் சொல்லும் சுற்று இது:

ஞாயிறு: பிராச் தீவின் மில்னா, ஏறத்தாழ 13 கடல் மைல். காற்றுக்கு நன்றாக மறைந்த துறை, புதியவர்கள் கட்டிப் பழகத் தோதானது. போகும் வழியில் பிராச்சுக்கும் ஷோல்டா தீவுக்கும் நடுவில் உள்ள குறுகிய கால்வாயில் கார் ஏற்றும் பெரிய கப்பல்கள் ஓயாமல் போய்வரும். அங்கே ஒரு கண் எப்போதும் பின்னாலும் இருக்கட்டும்.

திங்கள்: ஹ்வார் நகருக்கு எதிரே உள்ள பாக்லெனி தீவுகள், 10 மைலுக்குச் சற்று மேல். ஹ்வார் நகரத் துறையிலேயே கட்ட ஆசைப்படாதீர்கள். கூட்டமும் அலையும் தூங்க விடாது. பால்மிஷானா மரீனாவில் கட்டிவிட்டு நீர் டாக்ஸியில் நகருக்குப் போய் வரலாம்.

செவ்வாய்: விஸ் தீவு, சுமார் 12 மைல். புதன் முழுக்க அங்கேயே இருங்கள்.

வியாழன்: ஷோல்டாவின் மேற்கு முனையில் மாஸ்லினிட்சா, சுமார் 21 மைல். வாரத்தின் நீளமான ஓட்டம் இதுதான். அதனால்தான் அதற்கு முந்தைய நாள் ஓய்வு.

வெள்ளி: கஷ்டெலா, ஏறத்தாழ 13 மைல்.

ஒவ்வொரு இரவுக்கும் மாற்று இடம் ஒன்றைக் குறித்து வையுங்கள். விஸ் நகரத் துறை வடகிழக்கே திறந்தது, பூரா அடித்தால் அலை உள்ளே வரும். அதே தீவின் கொமிஷா மேற்கே திறந்தது. பூரா வரும் என்றால் விஸ்ஸைக் கைவிட்டு மில்னாவிலேயே இன்னொரு நாள் இருப்பதுதான் சரி. "அங்கே ரெஸ்டாரண்டில் மேசை சொல்லிவிட்டோமே" என்பது கடலுக்குப் போக ஒரு காரணமே இல்லை.

6. மூட்டையும் மளிகையும்

மடக்கக்கூடிய துணிப்பைகள் மட்டும். சக்கரம் வைத்த பெட்டியைப் படகில் வைக்க இடமே கிடையாது. கறுப்புத் தடம் விடாத அடிப்பாகமுள்ள செருப்பு, கடல் முள்ளெலிகள் குத்தாமலிருக்க ரப்பர் ஷூ, தொப்பிக்கு ஒரு கயிறு, மாலைக்கு மெல்லிய ஸ்வெட்டர்.

சமையல் அடுப்பு படகின் ஆட்டத்துக்கு ஏற்பத் தொங்கி ஆடும் வகை. ஓடும்போது அதில் பெரிய பாத்திரம் ஏற்றாதீர்கள், கடலில் காயம்படுவதில் வெந்நீர்க் காயம் மோசமானது. காலையில் துறையில் இருக்கும்போதே மதியத்துக்குச் செய்து மூடி வைத்துவிட வேண்டும். புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் மூன்றும் படகுக்கென்றே பிறந்தவை. ஒரு கையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்பூனால் சாப்பிடலாம், சூடாக்கவும் வேண்டாம். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று எடுத்துப் போங்கள். ஆட்டத்தில் சாய்ந்தாலும் மூடி பூட்டியிருக்கும்.

பருப்பு, புளிக்காய்ச்சல், பொடிகள் எல்லாம் வீட்டிலிருந்து கொண்டு போகலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் சேரும். தயிர் அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

குடிநீருக்குத் தொட்டியை நம்பாமல் பாட்டில் வாங்குங்கள், ஆளுக்கு நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல். தொட்டித் தண்ணீர் 300, 400 லிட்டர்தான். வீட்டில் குளிப்பதுபோல ஆறு பேரும் குளித்தால் இரண்டாம் நாளே காலி. கடலில் குளித்து, கடைசியில் ஒரு நிமிஷம் நல்ல தண்ணீர். மரீனாவில் இருக்கும் ஒவ்வொரு முறையும் தொட்டியை நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

7. சனி மாலை: படகை வாங்குவது

எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறக் கூடாது. இரண்டு பேர் படகைச் சரிபார்க்கட்டும், மற்றவர்கள் மளிகைக்குப் போகட்டும். குழந்தைகள் நடுவில் ஓடிக்கொண்டிருந்தால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது.

வெளிப்பக்கம் முழுவதையும் வீடியோ எடுங்கள், ஒவ்வொரு கீறலும் தெரியும்படி. பாய்களை முழுசாக விரித்துக் காட்டச் சொல்லுங்கள். நங்கூரத்தை இறக்கி ஏற்றிப் பாருங்கள். எஞ்சினைப் போட்டதும் பின்னால் புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று பாருங்கள். துப்பவில்லை என்றால் குளிர்விக்கும் தண்ணீர் ஓடவில்லை, சில நிமிஷத்தில் எஞ்சின் கொதித்துவிடும். பின்பக்கச் சிறு ரப்பர் படகில் காற்று நிற்கிறதா, அதன் மோட்டார் கிளம்புகிறதா என்பதையும் விடாதீர்கள். குறை எதுவானாலும் கையெழுத்துப் போடுமுன் தாளில் ஏறட்டும்.

அன்றிரவே கிளம்பத் தோன்றும். வேண்டாம். துறையிலேயே தூங்குங்கள்.

8. ஞாயிறு காலை: எல்லோருக்கும் அரை மணி நேரப் பாடம்

கயிறு அவிழ்ப்பதற்கு முன், எல்லோரையும் காக்பிட்டில் உட்கார வைத்து நிதானமாகச் சொல்லுங்கள். ஓடத் தொடங்கியதும் யார் காதிலும் எதுவும் ஏறாது.

அங்கியை ஒவ்வொருவரும் போட்டு, பட்டையை இறுக்கிக் காட்ட வேண்டும். நீந்தத் தெரியாதவர்களும் குழந்தைகளும் மேல்தளத்தில் இருக்கும் நேரமெல்லாம் அங்கியில்தான். இதில் பேரம் இல்லை.

பிரதான பாயின் அடியில் உள்ள நீளமான கட்டைக்குப் பூம் என்று பெயர். காற்று பின்னாலிருந்து வரும்போது அது ஒரு நொடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசும். தலையைத் தாழ்த்தாமல் யாரும் எழுந்து நடக்கக் கூடாது.

பாய்க்கயிற்றை இழுத்து இறுக்கும் உருளைக்கு வின்ச் என்று பெயர். அதில் கயிறு கடிகாரச் சுற்றாகத்தான் போகும். சுற்றும் கைக்கும் வின்ச்சுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், விரல் மாட்டினால் போய்விடும். நங்கூரச் சங்கிலிக்கும் இதே விதி.

யாராவது தண்ணீரில் விழுந்தால்: பார்த்தவர் கத்த வேண்டும், மிதவையை வீச வேண்டும், பிறகு விழுந்தவரைக் கையால் சுட்டிக்கொண்டே கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலையே கிடையாது. அலைக்கு நடுவே ஒரு தலை அவ்வளவு சீக்கிரம் மறைந்துவிடும். எஞ்சினைப் போடுவதற்கு முன் கயிறு எதுவும் தண்ணீரில் தொங்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

ஆபத்தென்றால் ரேடியோவில் 16ஆம் சேனல். தொலைபேசியில் கடல் மீட்புக்கு 195, பொது அவசரத்துக்கு 112. ரேடியோவுக்குப் பக்கத்தில் படகின் பெயரையும் பேச வேண்டிய வாசகத்தையும் எழுதி ஒட்டுங்கள், பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் படித்துச் சொல்லும்படி.

கழிவறைப் பம்பு எப்படி வேலை செய்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்து, குழாய் அடைத்துக்கொண்ட பிறகுதான் எல்லோருக்கும் தெரியவரும்.

9. ஒரு நாள் எப்படி ஓட வேண்டும்

காலை ஏழு மணிக்கு வானிலை. குரோவேஷிய வானிலை நிறுவனமான டி.எச்.எம்.ஸெட்டின் கடல் அறிக்கையைப் பாருங்கள். கைபேசிச் செயலியை மட்டும் நம்ப வேண்டாம், தீவுகளுக்கு நடுவில் காற்று முடுக்கிக்கொள்வது பலவற்றில் தெரியாது.

குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. எந்த மாத்திரை என்று மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அவர்களைக் கேபினுக்குள் படுக்க அனுப்பாதீர்கள். வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கட்டும், முடிந்தால் சுக்கானைக் கையில் கொடுங்கள். ஓட்டுகிறவருக்குக் குமட்டல் வருவது அரிது.

ஒன்பது மணிக்குக் கிளம்பி, காற்று இல்லாத நேரத்தில் எஞ்சினில் கொஞ்சம் போய், ஒரு குடாவில் நங்கூரமிட்டுக் குளித்துச் சாப்பிட்டு, மாயெஸ்ட்ரால் எழுந்ததும் பாய் விரித்து, மூன்று மணிக்குள் இரவுத் துறைக்குள் இருப்பது நல்ல ஒழுங்கு. யாராவது தண்ணீரில் இருந்தால் எஞ்சின் ஓடக் கூடாது, நியூட்ரலில்கூட வேண்டாம்.

காற்றின் வேகம் மணிக்கு 15 கடல் மைலை (15 நாட்) தாண்டும்போதே பாயைச் சுருக்கிவிடுங்கள். படகு இன்னும் தாங்கும், உண்மைதான். ஆனால் படகு சாய்ந்ததும் முகம் வெளிறுகிறவர்கள் கூட இருக்கிறார்கள். பாயைச் சுருக்கினால் வேகம் கொஞ்சம்தான் குறையும், சாய்வு பாதியாகும். சுருக்கலாமா என்று மனதில் தோன்றும் அந்த நொடிதான் சரியான நேரம். பத்து நிமிஷம் பொறுத்தால் அதே வேலை இரண்டு மடங்கு கடினம்.

10. கரையில் கட்டுவது

புதியவர்களுக்கு இதுதான் பெரிய பயம். இங்கே படகைப் பக்கவாட்டில் கட்ட மாட்டார்கள். பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டி, பின்னோக்கி நுழைத்துக் கட்டுவார்கள். முன்முனையைப் பிடிக்கத் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு கயிறு தருவார்கள்.

துறைக்கு வெளியிலேயே எல்லாம் தயாராக வேண்டும். இரு பக்கமும் ரப்பர் மெத்தைகளைத் தொங்கவிடுங்கள். பின்பக்கம் இரண்டு கயிறு, சிக்கில்லாமல். பின்னால் இழுத்து வந்த சிறு படகை முன்பக்கத்துக்கு மாற்றிக் கட்டுங்கள், இல்லையென்றால் அதன் கயிறு புரொப்பெல்லரில் சுற்றும். யார் எந்தக் கயிறு என்று பெயர் சொல்லிப் பிரியுங்கள். பிறகு ஏ.சி.ஐ. என்ற நிறுவனத்தின் மரீனாவாக இருந்தால் 17ஆம் சேனலில் கூப்பிட்டு இடம் கேளுங்கள்.

நுழையும்போது முதலில் காற்று வரும் பக்கத்துப் பின்கயிற்றைக் கரையில் நிற்பவரிடம் கொடுங்கள். அது மாட்டியதும் படகு ஓடிப்போகாது. அடுத்து, அவர் தூக்கிக் காட்டும் அடிக்கயிற்றை ஒருவர் கொக்கியால் எடுத்து, படகின் வெளிப்புறமாகவே நடந்து முன்முனைக்குக் கொண்டுபோய் இறுக்க வேண்டும். அந்தக் கயிறு தண்ணீரிலிருந்து மேலே வரும் நேரம் முழுக்க எஞ்சின் நியூட்ரலில் இருக்கட்டும். கடைசியாக இன்னொரு பின்கயிறு.

பக்கத்துப் படகில் மோதப் போகிறது என்றால் காலை நீட்டித் தடுக்காதீர்கள். எட்டு டன் படகைக் கால் நிறுத்தாது. ரப்பர் மெத்தையை நடுவில் கொடுங்கள். கோணம் தப்பினால் வெட்கப்படாமல் வெளியே போய் மறுபடி வாருங்கள், நல்ல ஸ்கிப்பர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

குடாக்களில் நங்கூரமிடும்போது அடியில் மணல் தெரியும் வெளிர்நிறத் திட்டைத் தேடுங்கள். கருமையாகத் தெரிவது கடற்புல். அதில் நங்கூரம் பிடிக்காது, புல்லுக்கும் கேடு. ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழம், அதைப்போல நாலைந்து மடங்கு சங்கிலி. பின்னோக்கி எஞ்சினை மெதுவாகக் கொடுத்து இறுகுகிறதா என்று பார்த்துவிட்டு, நீச்சல் கண்ணாடியோடு ஒருவர் போய் நேரில் பார்த்துவிட்டு வரட்டும். சில குடாக்களில் ரெஸ்டாரண்ட்காரர்களே மிதவை போட்டிருப்பார்கள். அங்கே சாப்பிட்டால் பெரும்பாலும் கட்டணம் கேட்க மாட்டார்கள், ஆனால் போகுமுன் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

11. வெள்ளி: திரும்ப ஒப்படைப்பது

மாஸ்லினிட்சாவிலிருந்து காலை எட்டு மணிக்கே கிளம்புங்கள். வெள்ளி மதியத்துக்கு மேல் டீசல் பங்கில் படகுகள் வரிசையாக வட்டமடித்துக்கொண்டிருக்கும். காற்று ஏறிய நேரத்தில், களைத்த ஆட்களோடு அந்த நெரிசலில் நிற்பதுதான் வாரத்திலேயே படகு அதிகம் அடிபடும் இடம். நண்பகலுக்குள் நிரப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

துறைக்கு வந்ததும் ஏதாவது உடைந்திருந்தால் நீங்களே முதலில் சொல்லுங்கள். முங்கிப் பார்ப்பவர் படகின் அடிப்பாகத்தைச் சோதிக்கும்போது பக்கத்தில் இருங்கள், சனி மாலை எடுத்த வீடியோ கையில் இருக்கட்டும். வைப்புத்தொகையை விடுவித்ததாகக் காகிதம் கைக்கு வந்த பிறகு மூட்டைகளை இறக்குங்கள். சனி காலை ஒன்பது மணிக்குள் படகு காலியாக வேண்டும் என்பதால், குக்கரையும் மீந்த பருப்பையும் முந்தின இரவே கட்டி வைத்துவிடுவது நல்லது.